கொடுத்த வண்ணமும் குழைத்த வண்ணமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழாவில் பேச வேண்டும் என்று காரியதரிசி அவர்கள் என் இல்லத்துக்கு வந்து கேட்டபோது, கம்பராமாயணத்தில் ஏதேனும் ஒரு படலத்தை எடுத்துக்கொள்வேன் என்றே எண்ணியிருக்க வேண்டும். நான் பொருளைச் சொன்னதும் சிறிது நேரம் மௌனமாக இருந்தார். பிறகு, "குழந்தைகளும் வருவார்கள் அல்லவா, நல்லதுதான்" என்றார். நான் பேச வந்திருப்பது கணிப்பொறியில் ஆடும் ஒரு விளையாட்டைப் பற்றி. இன்னும் சரியாகச் சொன்னால், அதன் நான்காம் பதிப்பில் என் பேத்திக்கு நேர்ந்த ஓர் ஏமாற்றத்தைப் பற்றி. இது குழந்தைகள் சமாசாரம் என்று பெரியவர்கள் எழுந்து போய்விட வேண்டாம். சிற்றுண்டி வர இன்னும் அரைமணி நேரம் இருக்கிறது.

நான் ஓர் அரசாங்க இலாகாவின் வரைபடப் பிரிவில் 34 ஆண்டுகள் ஊழியம் செய்து 2013ஆம் ஆண்டு ஓய்வு பெற்றவன். நாம் குடியிருந்த, உங்களில் சிலர் இன்றும் குடியிருக்கிற தில்லிக் குவார்ட்டர்ஸ்களைப் போன்ற வீடுகளைத்தான் நாள்தோறும் வரைந்தேன். ஒரு வீட்டை வரைந்தால் நானூறு வீடுகளை வரைந்தது போல. கூடம் இங்கே, சமையலறை அங்கே, சுவருக்கு இன்ன நிறம் என்று ஓரத்தில் ஒரு வரி எழுதிவிட்டால் தீர்ந்தது. நானூறு குடும்பங்களும் அந்த நிறத்துக்குள்தான் வாழ வேண்டும். நானும் அப்படிப்பட்ட ஒரு வீட்டில்தான் வாழ்ந்தேன். என் மனைவி அந்த வெளிர்மஞ்சள் சுவரைப் பார்த்து, "இந்த நிறத்தைத் தேர்ந்தெடுத்தவர் வீட்டில் பெண்பிள்ளைகளே கிடையாது போலும்" என்று ஒருநாள் சொன்னாள். அந்த வரியை எழுதியவன் நான்தான் என்று நான் அவளிடம் சொன்னதில்லை. அவள் இதோ முன்வரிசையில் அமர்ந்திருக்கிறாள், இப்போது தெரிந்துகொண்டாள்.

இனி விளையாட்டுக்கு வருகிறேன். 'தி சிம்ஸ்' என்பது அதன் பெயர். அதில் ஜெயமும் இல்லை, தோல்வியும் இல்லை. சின்னஞ்சிறு மனிதர்களைப் படைத்து, அவர்களுக்கு ஒரு வீடு கட்டிக் கொடுத்து, சமைக்கவும் உறங்கவும் சண்டையிடவும் சமாதானமாகவும் விட்டுப் பார்த்துக்கொண்டிருப்பதே ஆட்டம். நம் வீட்டுப் பெண்குழந்தைகள் சொப்பு வைத்து ஆடியதற்கும் இதற்கும் அதிக தூரமில்லை. இதை ஆக்கியவர் அமெரிக்காவைச் சேர்ந்த வில் ரைட். 1989ஆம் ஆண்டு வெளிவந்த 'சிம்சிட்டி' என்னும் நகரம் கட்டும் விளையாட்டினால் புகழ் பெற்றவர். 1991ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் கலிபோர்னியாவின் ஓக்லண்ட் குன்றுப் பகுதியில் பெருந்தீ மூண்டு ஆயிரக்கணக்கான வீடுகள் சாம்பலாயின. அவற்றுள் ரைட்டின் வீடும் ஒன்று. கரண்டி முதல் கட்டில் வரை மறுபடியும் ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்க்கையில், ஒரு மனிதனுக்கு வீடு என்பது எதனால் ஆகிறது என்ற சிந்தனை அவருக்கு எழுந்தது. முதலில் அவர் கருதியது வீடு கட்டும் விளையாட்டு மட்டுமே. கட்டிய வீடு வாழ லாயக்கானதா என்று சோதிக்கவே அந்தச் சிறு மனிதர்களை உள்ளே விட்டார். பிறகு அவர்களே ஆட்டத்தைக் கைப்பற்றிக்கொண்டார்கள். 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் முதற்பதிப்பு வெளிவந்தது. கிறிஸ்டோபர் அலெக்ஸாண்டர் முதலியோர் 1977ஆம் ஆண்டு வெளியிட்ட 'எ பேட்டர்ன் லாங்குவேஜ்' என்ற கட்டடக்கலை நூல் ரைட்டின் கருத்தில் ஊன்றியிருந்த நூல்களுள் ஒன்று. குடியிருப்பவர்களே தங்கள் வீட்டை உருவாக்குவதில் பங்கு கொள்ள வேண்டும் என்பது அந்நூலின் அடிப்படைக் கொள்கை. உத்தியோகத்தில் இருந்த நாளில் நான் அதைத் திறந்ததில்லை. பேத்தியின் தயவால் ஓய்வுக்குப் பிறகு படித்தேன்.

இரண்டாம் பதிப்பு 2004இல் வந்தது. அதில் சிறு மனிதர்களுக்கு மூப்பும் பரம்பரைச் சாயலும் வந்து சேர்ந்தன. 2009ஆம் ஆண்டு ஜூன் மாதம் வெளிவந்த மூன்றாம் பதிப்பில்தான் நம் கதைக்கு வேண்டிய விஷயம் இருக்கிறது. அதில் 'கிரியேட் எ ஸ்டைல்' என்று ஒரு வசதி. நாற்காலியோ, திரைச்சீலையோ, சுவரோ, தரையோ, சட்டையோ, எதை வேண்டுமானாலும் எடுத்து அதன் நிறத்தை நாமே குழைத்துக்கொள்ளலாம். ஒரு வண்ணச் சக்கரம் இருக்கும், சுழற்றித் தேடலாம். அது போதாதென்றால் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றுக்கும் எண்களைக் கொடுக்கலாம். ஒவ்வொன்றுக்கும் 256 படிகள். மூன்றையும் பெருக்கினால் 1,67,77,216 நிறங்கள். நிறம் மட்டுமன்று, மரமா, துணியா, கல்லா என்றும் மாற்றலாம். ஒரு மேஜையின் மரத்தைப் பிடித்து இழுத்துப் பக்கத்துக் கட்டிலின்மேல் விட்டால் கட்டிலும் அதே மரமாகிவிடும். புதிய கோலங்களை நாமே வரைந்து சேர்க்க 'கிரியேட் எ பேட்டர்ன்' என்று தனியாக ஒரு கருவியும் வந்தது.

2020ஆம் ஆண்டு ஊரடங்கின்போது என் பேத்திக்கு வயது பன்னிரண்டு. அவளுடைய மாமன் வாங்கிக் கொடுத்த பழைய கணிப்பொறியில் இந்த மூன்றாம் பதிப்பு இருந்தது. அவ்வாண்டு கோடைக்கு ஊர் போக வழியில்லை. ஊர் என்றால் கும்பகோணத்துக்கு அருகே என் மனைவி பிறந்த வீடு. குழந்தை அந்த வீட்டைக் கட்டத் தொடங்கினாள். திண்ணை, ரேழி, கூடம், நடுவே முற்றம். தரைக்குக் காவிச் சிவப்பு. சுவருக்கு, நீலம் போட்டு அடித்த சுண்ணாம்பின் நிறம். புள்ளிக் கோலம் ஒன்றை எடுத்து, நிலத்தை அரக்காக்கி, புள்ளியை வெண்மையாக்கி, சுங்குடிப் புடவையைக் கிழித்துத் தைத்த திரைச்சீலை போலவே செய்து ஜன்னலில் மாட்டினாள். வரைபடம் வரைந்த கை என்ற அகந்தையில் நான் அளவுகளைச் சொன்னேன். என் மனைவி நிறங்களைச் சொன்னாள். என் அளவுகளில் பிழை இருந்தது. அவள் நிறங்களில் பிழை இருக்கவில்லை.

2021ஆம் ஆண்டு அந்த வீடு விலைக்குப் போயிற்று. வாங்கியவர் இடித்துவிட்டார். அதன்பின் அந்த நீலச் சுவர் இருந்த இடம் உலகத்திலேயே ஒன்றுதான். எங்கள் வீட்டு மேஜைமேல், முக்கி முனகிக்கொண்டிருந்த அந்தப் பழைய கணிப்பொறி. மறு ஆண்டு அதுவும் இயங்காமல் நின்றது.

புதுக் கணிப்பொறி வந்தது. 2022ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் நான்காம் பதிப்பின் மூல விளையாட்டு யாவர்க்கும் இலவசம் ஆயிற்று. அது 2014ஆம் ஆண்டு செப்டம்பரிலேயே வெளிவந்ததுதான், எங்களுக்குத்தான் புதிது. மூன்றைவிட நான்கு பெரியது என்ற கணக்கில் பேத்தி ஆவலோடு அமர்ந்தாள். மூன்றாம் பதிப்பில் கட்டிய வீட்டை நான்காம் பதிப்பு ஏற்காது என்பது முதலில் தெரிந்தது. போகட்டும், மறுபடியும் கட்டுவோம் என்றாள். சுவரை எழுப்பி நிறம் கேட்டால், அங்கே சக்கரம் இல்லை. சிறு சதுரங்கள் சில இருந்தன. அவற்றுள் ஒன்றைத் தொடலாம், அவ்வளவுதான். ஒரு நீலம் கடலைப் போல இருந்தது, இன்னொன்று பள்ளிச் சீருடையைப் போல. தரைக்குச் சிவப்புக் கிடைத்தது, காவி கிடைக்கவில்லை. பெஞ்சியின் மரம் ஒரு பழுப்பு, கட்டிலின் மரம் வேறொரு பழுப்பு. இரண்டையும் இணைக்க வழியில்லை. ஒருவாரம் பொறுமையாக முயன்றாள். பிறகு, "தாத்தா, இது என்னைக் கேட்கவே இல்லை. இருப்பதில் ஒன்றை எடுத்துக்கொள் என்கிறது" என்றாள். எனக்குச் சுருக்கென்றது.

நடுநிலையாகவும் பேச வேண்டும் அல்லவா? நான்காம் பதிப்பில் மெச்சத்தக்கவை உண்டு. கட்டிய அறையை அப்படியே தூக்கி மறுபக்கம் வைக்கலாம். வரைபடக்காரனாகிய எனக்கு அதைப் பார்த்துப் பொறாமையே வந்தது. மனித உருவத்தின் கன்னத்தையும் தோளையும் நேரே பிடித்து இழுத்து வடிவமைக்கலாம். அவர்களுக்குக் கோபமும் துக்கமும் நாணமும் முன்னைவிட நன்றாக வருகின்றன. சாதாரணக் கணிப்பொறியிலும் தடங்கலின்றி ஓடுகிறது. மூன்றாம் பதிப்பில் அது இல்லை. முழு ஊரும் ஒரே சமயத்தில் இயங்க வேண்டும். குழைத்த ஒவ்வொரு நிறத்தையும் இயந்திரம் தானே பூசிக்கொள்ள வேண்டும். நாளாக நாளாக நினைவகம் திணறிப் போகும். முன்கூட்டியே பூசி வைத்த நிறங்களானால் அந்தப் பாரம் இல்லை. ஓவியர் ஒவ்வொன்றையும் பார்த்து, நிழல் முதலியன அமைத்து அனுப்பலாம், அழகு கெடாது.

இந்த வாதம் எனக்கு மனப்பாடம். நானூறு வீடுகளுக்கும் ஒரே நிறமானால் குத்தகைக்காரருக்குச் சுலபம், கணக்குக்குச் சுலபம், பார்வைக்கும் ஒழுங்கு. நானே பல தடவை கோப்புகளில் எழுதியிருக்கிறேன். எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை. ஆயினும், அவ்வாறு எழுதுகிறவன் மேஜையிலிருந்து பார்த்தால் தெரியாத ஒன்று உண்டு. அழகான நிறம் வேண்டும் என்று கேட்பவர்கள் சிலரே. பெரும்பாலோர் கேட்பது தங்கள் நிறத்தை. ஓவியர் தேர்ந்தெடுத்த இருபது நீலங்களும் என் மனைவியின் நீலத்தைவிட அழகாக இருக்கக்கூடும். அதனால் என்ன? அவற்றில் ஒன்றுகூட அவள் வீட்டுச் சுவர் அன்று. இன்றைக்கு நம் பஜாரில் ஒரு துண்டுத் துணியைக் கொண்டுபோய்க் காட்டினால், பெயிண்டுக் கடைக்காரர் இயந்திரத்தில் கலந்து அதே நிறத்தைத் தகர டப்பாவில் அடைத்துக் கொடுத்துவிடுகிறார். கற்பனை வீட்டில் முடியாதது கடைத்தெருவில் முடிகிறது!

"விளையாட்டுதானே அப்பா, இதற்குப் போய் இவ்வளவு வருத்தமா?" என்று என் மகன் கேட்டான். அவனுக்கு நான் சொன்ன பதில், நீ சிறுவனாக இருந்தபோது குவார்ட்டர்ஸ் சுவரில் ஆணியடிக்கக் கூடாது என்ற விதியை மீறி எத்தனை ஆணிகள் அடித்தாய் என்பதுதான். உங்கள் வீடுகளை நினைத்துப் பாருங்கள். வாசற்படியில் ஒரே மாதிரிச் சிமென்ட்டு. அதன்மேல் வீட்டுக்கு வீடு வேறு கோலம். பெயிண்டு டப்பாவில் துளசி. ஜன்னலில் பழைய சேலை. அதே போல, இந்த விளையாட்டுக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. தாமே நிறம் தீட்டிய பொருள்களைச் செய்து பிறர்க்கும் கொடுக்கிறார்கள். ஆனால் ஒரே ஒரு நாற்காலியின் நிறத்தை மாற்ற, அதன் படத்தை வெளியே எடுத்து, வேறொரு கருவியில் தீட்டி, மறுபடியும் உள்ளே புகுத்தும் வித்தையைக் கற்க வேண்டும். முன்பு ஒரு விரல் அசைவில் நடந்த காரியம், இப்போது தொழிலாகிவிட்டது.

குறைகள் சில தீர்ந்ததும் உண்மையே. தொடக்கத்தில் நீச்சல் குளம்கூட இல்லாமல் வந்த விளையாட்டு அது. 2014 நவம்பரிலேயே குளம் வந்தது. தவழும் பருவத்துக் குழந்தைகள் 2017 ஜனவரியில் வந்தார்கள். மாநிறத்தவரும் கருநிறத்தவரும் தங்கள் மேனி வண்ணம் சரியாக இல்லை என்று நெடுநாள் முறையிட்ட பின், 2020 டிசம்பரில் நூற்றுக்கு மேற்பட்ட புதிய மேனி வண்ணங்களும், அவற்றைக் கூட்டிக் குறைக்கும் வசதியும் கிடைத்தன. 2021இல் நம் மும்பையின் ஃபேஷன் ஸ்ட்ரீட்டை மனத்தில் கொண்டு ஒரு சிறு உடைத் தொகுப்பும் விலைக்கு வந்தது. அதிலும் நிறங்கள் கொடுத்தவைதான். வீட்டுக்கும் பொருளுக்கும் உரிய வண்ணச் சக்கரம் மட்டும் திரும்பவில்லை. 2025ஆம் ஆண்டு மார்ச்சில் கொரிய நாட்டிலிருந்து 'இன்சோய்' என்ற வேறொரு விளையாட்டு முன்னோட்டமாக வெளிவந்தது. அதில் நிறத்தை நாமே குழைக்கலாம். எங்கள் கணிப்பொறி அதன் பாரத்தைத் தாங்காது என்று பேத்தி சொல்லிவிட்டாள்.

ஆகவே பரண்மேல் கிடந்த பழைய பெட்டியை என் மகன் நேரு பிளேஸுக்கு எடுத்துப் போனான். என்னுடைய பேச்சு பலித்தது என்று நான் சொல்லிக்கொள்கிறேன். அவனுடைய மகள் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்பதே காரணம் என்று என் மருமகள் சொல்லுகிறாள். கடைக்காரர் அதைப் பிழைக்க வைத்தார். வீடு உள்ளே பத்திரமாக இருந்தது.

சென்ற மாதம் ஒரு மாலை பேத்தியும் பாட்டியும் அதன் முன் அமர்ந்திருந்தார்கள். என் மனைவி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் சுவரைப் பார்த்தாள். "நிறம் சரிதான். ஆனால் இது ஆடி மாதத்துச் சுவர். பொங்கலுக்கு அடித்த புதிதில் இன்னும் நீலமாக இருக்கும்; வெயில் பட்டுப் பட்டு வெளுத்துப் போகும்" என்றாள். பேத்தி சக்கரத்தின்மேல் கையை வைத்துக்கொண்டு, "எந்த மாதம் வேண்டும் பாட்டி?" என்று கேட்டாள். அவள் சற்று யோசித்து, "மாசி" என்றாள்.

மாசி மாதத்து நீலத்தை இருவரும் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். சிற்றுண்டி வந்துவிட்டது என்று காரியதரிசி ஜாடை காட்டுகிறார்.