கூரை ஒழுகினால் யாரிடம் கேட்பது?



வீட்டைக் கட்டிப்பார் என்பார்கள் பெரியவர்கள். கட்டிய வீட்டைக் காப்பதும் எளிதல்ல என்பது, மழைக்காலத்தில் ஒழுகும் கூரையின் கீழ் வாளி வைத்துப் பழகிய நமக்குத் தெரியும். வீடு பழுதுபார்க்க அரசாங்கம் உதவுகிறதாமே, அது நமக்குக் கிடைக்குமா? இதற்கு விடை காணுமுன், நாம் குடியிருக்கும் வீடு யாருடையது என்று பார்க்க வேண்டும்.

தோட்டத்து லயன் வீடு நிர்வாகத்துக்குச் சொந்தமானது. அதைப் பழுதில்லாமல் வைத்திருப்பது முதலாளியின் கடமை என்று, 1990ஆம் ஆண்டு இயற்றப்பட்ட தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டுவசதிச் சட்டம் சொல்கிறது. ஆகவே, கூரைத் தகரம் இற்றுப்போனால் தோட்ட அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்து, நகலொன்றை வைத்துக்கொள்வோம். பலனில்லையென்றால் தொழிலாளர் இலாகாவில் முறையிடலாம்.

தோட்டத்தை விட்டு வெளியேறி, கிராமப்புறத்தில் சொந்த நிலத்தில் வாழ்வோரின் நிலை வேறு. கிராமப்புற, வட்டார மேம்பாட்டு அமைச்சு அவர்களுக்கென ஒரு வீட்டுதவித் திட்டத்தை நடத்துகிறது. வறிய குடும்பங்களின் பழைய வீடுகளைப் பழுதுபார்க்கவும், குடியிருக்கவே முடியாத வீட்டுக்குப் பதில் புது வீடு கட்டவும் அது உதவுகிறது. இது கடனன்று.

தகுதி என்ன? மலேசியக் குடிமகனாக இருக்க வேண்டும். குடும்பத்தின் பெயர் 'இ-காசே' எனும் வறியோர் பதிவேட்டில் இருக்க வேண்டும். பதிவில்லாதவர்கள் மாவட்ட அலுவலகத்தில் விசாரிக்கலாம். நிலம் நம் பெயரில் இருக்க வேண்டும். பிறர் பெயரில் இருந்தால் அவருடைய எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். முதியோர், உடற்குறையுள்ளோர், தனித்து வாழும் தாய்மார் ஆகியோருக்கு முன்னுரிமை உண்டு.

நம்மில் பலர் தடுக்கி விழுவது நிலப் பட்டாவில்தான். அப்பா இறந்து ஆண்டுகள் பல ஓடியிருக்கும். கிராண்டில் இன்னும் அவர் பெயரே இருக்கும். சம்மதக் கையெழுத்துப் போட அவர் வரமாட்டார். உயில் எழுதாமல் அவர் விட்டுச் சென்ற சிறிய சொத்தை வாரிசுகள் பிரித்துக்கொள்ள, 1955ஆம் ஆண்டுச் சட்டமொன்று வழி செய்கிறது. மாவட்ட நில அலுவலகத்தில் விசாரித்தால் விவரம் கிடைக்கும். அண்ணன் தம்பி, அக்கா தங்கை எல்லோரும் ஒன்றுகூடி இதை முடித்துவிடுவது நல்லது. வாரிசுகள் பெருகப் பெருக, கையெழுத்துகளும் பெருகும்.

அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், கிராண்ட் ஆகியவற்றை ஒரே பையில் பத்திரப்படுத்துவோம். உதவி வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் கேட்பவர்களை நம்ப வேண்டாம். எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளையை உடன் அழைத்துக்கொண்டு, நாமே அலுவலகத்துக்குப் போவோம்.

மழை தொடங்கிய பின் தேடுவதைவிட, இன்றிரவே பெட்டியைத் திறந்து, கிராண்டில் யார் பெயர் இருக்கிறதென்று பார்த்துவிடுவோம்.