கூலியைக் குறைத்தால் வேலை பெருகுமா?

 

புனே நகரை ஒட்டி பிம்ப்ரி-சிஞ்ச்வாட் இருக்கிறது. பெரிய வண்டிக் கம்பெனிகள் அங்கே உள்ளன. அவற்றை நம்பிச் சின்னச் சின்னப் பட்டறைகள் ஏராளம். வண்டி விற்றால் பட்டறை ஓடும். விற்காவிட்டால் பட்டறை தூங்கும். இப்படி நாடு முழுக்க வியாபாரம் படுத்துவிடுவதைத்தான் மந்தம் என்கிறார்கள்.

மந்தம் வந்ததும் ஒரு பேச்சு கிளம்பும். "குறைந்தபட்சக் கூலி அதிகமாக இருக்கிறது. அதைக் குறைத்தால் இன்னும் நாலு பேருக்கு வேலை கொடுக்கலாம்" என்பார்கள். இது சரியா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பட்டறையில் 10 பேர். ஆளுக்கு நாள் கூலி 500 ரூபாய். மொத்தம் 5,000 ரூபாய். கூலியை 400 ரூபாய் ஆக்கினால் மொத்தம் 4,000 ரூபாய். முதலாளிக்கு மிச்சம் 1,000 ரூபாய். அதில் இன்னும் 2 பேரை வைக்கலாம். கணக்கு சரிதான்.

ஆனால் அந்த 2 பேருக்கும் என்ன வேலை? ஆர்டர் இல்லை. மெஷின் சும்மா நிற்கிறது. கூலி மலிவு என்பதற்காக யாரும் ஆளைக் கூப்பிட்டு உட்கார வைக்க மாட்டார்கள்.

மறுபக்கம் பாருங்கள். 10 குடும்பங்களின் கையில் தினமும் 1,000 ரூபாய் குறைந்துவிட்டது. மளிகைக் கடையில் வாங்குவது குறையும். வடாபாவ் கடையில் வியாபாரம் குறையும். எல்லாப் பட்டறைகளும் இப்படிச் செய்தால் சந்தையே படுத்துவிடும். தொழிலாளியின் கூலிதானே கடைக்காரரின் வியாபாரம்?

இன்னொரு பக்கமும் உண்டு. மூடும் நிலையில் உள்ள ஒரு பட்டறை, கூலி குறைந்தால் தப்பிக்கலாம். கூலி ஏறியபோது வேலை குறைந்ததும் உண்டு. அது மகாராஷ்டிராவிலேயே நடந்தது.

1972-இல் மகாராஷ்டிராவில் கடும் பஞ்சம். அரசு சாலை போட்டது, குளம் வெட்டியது. 1973 மே மாதத்தில் ஏறக்குறைய 50 லட்சம் பேர் அந்த வேலைகளில் இருந்தார்கள். பிறகு வேலை உறுதித் திட்டம் சட்டமானது. 1979-இல் நடைமுறைக்கு வந்தது. அதற்காகத் தொழில் வரி போட்டார்கள். புனேயிலும் மும்பையிலும் சம்பளம் வாங்கியவர்கள் கட்டிய வரி, கிராமத்து ஏழைக்குக் கூலியாகப் போனது.

1988-இல் அந்தக் கூலி, குறைந்தபட்சக் கூலிக்கு இணையாக உயர்ந்தது. ஏறக்குறைய இரு மடங்கு! ஆனால் வேலை நாட்கள் குறைந்தன. அந்த ஆண்டு நல்ல மழை. அதுவும் ஒரு காரணம். ஆனாலும் வேலை கேட்ட எல்லோருக்கும் வேலை கிடைக்கவில்லை என்று 1993-இல் வெளிவந்த ஓர் ஆய்வு சொன்னது. ஏன்? கூலி ஏறிய அளவுக்குப் பணம் ஒதுக்கவில்லை. பானையில் இருக்கும் சோறு அதேதான். கரண்டி மட்டும் பெரிதானது. பிறகு எல்லோருக்கும் எப்படிக் கிடைக்கும்?

அப்படியானால் கரண்டியைச் சிறிதாக்குவதா, பானையைப் பெரிதாக்குவதா?

ராஜஸ்தான் அரசு கரண்டியைச் சிறிதாக்கியது. பஞ்ச நிவாரண வேலைக்குக் குறைந்தபட்சக் கூலி தேவையில்லை என்று 1964-இல் ஒரு சட்டம் போட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 1983-இல் தீர்ப்பு வந்தது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவது கட்டாய உழைப்பு. அரசியல் சட்டத்தின் 23-ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது என்றது நீதிமன்றம். பசியில் இருப்பவர் எந்தக் கூலிக்கும் தலையாட்டுவார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள முடியுமா?

வெளிநாட்டிலும் பார்ப்போம். கிரீஸ் நாட்டில் பெரும் மந்தம். 2012-இல் குறைந்தபட்சக் கூலியை 22 சதவீதம் குறைத்தார்கள். 25 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு 32 சதவீதம் குறைத்தார்கள். அடுத்த ஆண்டும் வேலையில்லாதோர் கூடினார்கள். நூற்றுக்கு 27 பேருக்கு வேலை இல்லை. அரசு செலவைச் சுருக்கியதும் அதற்கு ஒரு காரணம். ஆனால் கூலிக் குறைப்பு அவர்களைக் காப்பாற்றவில்லை. 2019-இல் கூலியை மறுபடி உயர்த்தினார்கள்.

அமெரிக்காவில் 1938-இல் என்ன செய்தார்கள்? வேலையில்லாத் திண்டாட்டம் தீராத அந்தக் காலத்திலேயே, மணிக்கு 25 சென்ட் குறைந்தபட்சக் கூலி என்று சட்டம் போட்டார்கள்.

இதிலிருந்து தெரிவது என்ன? மந்த காலத்தில் பெரிய குறை கூலி அல்ல, வாங்குவோர் இல்லாததுதான். தவிக்கும் சிறு பட்டறைக்கு அரசு கடன் உதவி தரலாம். சாலை, குளம், பள்ளிக்கூடம் என்று வேலைகளைத் தொடங்கலாம். அதற்குப் பணமும் ஒதுக்க வேண்டும்.

நம் நாட்டில் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1948-இல் வந்தது. அதன் இடத்தில் 2025 நவம்பர் முதல் ஊதியச் சட்டத் தொகுப்பு இருக்கிறது. சட்டத்தின் பெயர் மாறியது. குறைந்தபட்சக் கூலி பெறும் உரிமை மாறவில்லை.

உங்கள் தொழிலுக்கு இன்று எவ்வளவு கூலி? தொழிலாளர் துறை அலுவலகத்தில் கேளுங்கள். எழுதி வையுங்கள். கையெழுத்துப் போடும் முன் சம்பளச் சீட்டைப் படியுங்கள். படிக்கக் கற்றது அதற்கும்தானே!