வணிகர் எழுதிய கணக்கு



ஒருவர் பதவியில் இருந்த காலத்தைக் கொண்டே அவர்தம் பெருமையை அளப்பது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. அவ்வளவுகோல் பிழையுடையது என்பதற்குத் தாதாபாய் நௌரோஜியின் வாழ்க்கை தக்க சான்றாகும். பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் அவர் உறுப்பினராக இருந்தது மூன்றே ஆண்டுகள்.

1825இல் பிறந்த அப்பார்சிப் பெருமகனார், பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் கணிதப் பேராசிரியராக விளங்கினார். 1855இல் காமா என்னும் வணிக நிறுவனத்தின் பங்காளியாக லண்டன் சென்றார். மதுவாலும் அபினியாலும் வரும் ஆதாயம் தமக்கு வேண்டாவென்று அதிலிருந்து விலகி, 1859இல் சொந்தமாகப் பருத்தி வணிகம் தொடங்கினார். பொருள் வந்த வழியை ஆராய்ந்த அவ்வுள்ளம், பின்னர் ஓர் அரசாங்கத்தின் வரவுசெலவையே ஆராயப் புகுந்தது.

இந்தியரின் ஆண்டு வருவாய் சராசரியாகத் தலைக்கு 20 ரூபாயே என்று, அரசாங்கம் வெளியிட்ட புள்ளி விவரங்களைக் கொண்டே அவர் 1876இல் எடுத்துரைத்தார். சிறைக் கைதி ஒருவனின் உணவுக்கும் உடைக்கும் அரசாங்கம் செலவிட்டதோ அதனினும் மிகுதி! குற்றவாளிக்குக் கிட்டிய சோறு, வியர்வை சிந்திய உழவனுக்குக் கிட்டவில்லை. நாட்டின் செல்வம் ஈடின்றி இங்கிலாந்துக்கு வடிந்து செல்வதே இதற்குக் காரணமென அவர் நிறுவினார்.

ஆள்வோரின் மன்றத்திலேயே அக்கணக்கை வைக்க விரும்பித் தேர்தலில் நின்றார். 1886இல் ஹோல்பர்ன் தொகுதியில் தோற்றார். 1892இல் மத்திய பின்ஸ்பரி தொகுதியில் லிபரல் கட்சியின் சார்பில் வென்றார். வாக்கு வேறுபாடு எவ்வளவு தெரியுமா? ஐந்தே ஐந்து!

அந்நாளில் இந்திய சிவில் சர்வீஸ் தேர்வு லண்டனில் மட்டுமே நடைபெற்றது. இந்தியாவிலும் உடன்நிகழ்வாக அதனை நடத்த வேண்டுமென ஹெர்பர்ட் பால் என்னும் உறுப்பினர் கொணர்ந்த தீர்மானத்திற்குத் தாதாபாய் அரும்பாடுபட்டார். 1893இல் மக்களவை அதனை ஏற்றது, அரசாங்கமோ நிறைவேற்றவில்லை. 1895 தேர்தலில் அவர் தோல்வியுற்றார். இந்திய மண்ணில் அத்தேர்வு நடந்தது 1922இல்தான். அதற்கு ஐந்தாண்டுகள் முன்னரே, 1917இல், அவர் மறைந்துவிட்டார்.

ஆயினும் அவர் உழைப்பு வீணாயிற்றா? இல்லை. பதவி போயிற்று; கணக்கு நின்றது. 1901இல் நூலாக வெளிவந்த அவர்தம் ஆராய்ச்சி, விடுதலை கேட்ட தலைமுறைக்கு வாதமும் சான்றும் தந்தது.

கணக்கென்பது தேர்வுக்குரிய பாடம் மட்டுமே என எண்ணும் மாணவரைப் பல்லாண்டு கண்டவன் நான். அவர்கட்கு நான் கூறுவது இது: நேர்மையாக எழுதப்பட்ட கணக்கு, ஏழைக்காக வழக்காடும், எழுதியவர் மறைந்த பின்னும் வழக்காடும்.