செவிலியருக்குத் தெரிந்தது பாடமாக வேண்டும்

மருத்துவமனையில் ஒருவரின் கடைசி நாட்களில் அவருடன் அதிக நேரம் இருப்பவர் செவிலியர்தான். அவருக்கு எந்த நேரத்தில் வலி கூடுகிறது, யார் வந்தால் முகம் தெளிகிறது, நள்ளிரவில் விழித்து எதைக் கேட்கிறார் என்பதெல்லாம் செவிலியருக்குத் தெரியும். ஆனால் அவருக்கு இனி என்ன செய்வது என்று முடிவெடுக்கக் கூடுகிற அறையில் அந்த அறிவுக்கு ஒரு நாற்காலி இல்லை. அந்த நாற்காலி கேட்டு மட்டும் கிடைத்துவிடாது. செவிலியர் கண்டறிந்தது எழுதப்பட்டு, சோதிக்கப்பட்டு, வகுப்பறையில் கற்பிக்கப்படும்போதுதான் கிடைக்கும். ஆகவே இன்று செவிலியர் பட்டம் பெறும் உங்களில் சிலராவது செவிலிய அறநெறியையும் இறுதிக்காலப் பராமரிப்பையும் வாழ்நாள் படிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்கவே இங்கு நிற்கிறேன்.

இந்த நாட்டில் கண்ணியமான மரணம் பற்றிய சட்ட விவாதமே ஒரு செவிலியரின் படுக்கையிலிருந்துதான் வலுப்பெற்றது. மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் பணியாற்றிய அருணா ஷான்பாக், 1973 நவம்பர் 27 அன்று அதே மருத்துவமனையின் துப்புரவுப் பணியாளர் ஒருவரால் கொடூரமாகத் தாக்கப்பட்டு, மூளை பாதிக்கப்பட்டுப் படுக்கையில் விழுந்தார். 2015 மே 18 அன்று இறக்கும்வரை, ஏறத்தாழ நாற்பத்திரண்டு ஆண்டுகள், அங்கேயே செவிலியர் தலைமுறை தலைமுறையாக அவருக்கு ஊட்டினார்கள், குளிப்பாட்டினார்கள், புரட்டிப் படுக்க வைத்தார்கள். அத்தனை காலத்தில் அவர் உடலில் ஒரு படுக்கைப் புண்கூட வரவில்லை என்பதை உச்ச நீதிமன்றமே வியந்து பதிவு செய்தது. படுக்கைப் புண் எவ்வளவு விரைவில் வரும் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தப் பதிவின் எடையை இந்த அவையில் உங்களைவிட யாரும் நன்றாக உணர முடியாது. அருணாவுக்கு உணவை நிறுத்த அனுமதிக்க வேண்டும் என்று பத்திரிகையாளர் பிங்கி விரானி தொடுத்த வழக்கில், 2011 மார்ச் 7 அன்று தீர்ப்பு வந்தது. அருணா சார்பில் பேசும் உரிமை அவரைப் பராமரித்த மருத்துவமனை ஊழியர்களுக்கே உண்டு என்றது நீதிமன்றம். அவர் வாழட்டும் என்றனர் அவர்கள்.

இங்கே நேர்மையான ஒரு மறுப்பு எழுகிறது. பராமரிப்பவரின் பாசம் நோயாளியின் விருப்பமாகிவிடுமா? அருணா பேச முடிந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்பது அந்தச் செவிலியருக்குத் தெரியுமா? இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கக் கூடாது. அன்பு கண்ணை மறைக்கவும் செய்யும். பல ஆண்டுகள் காத்த உயிரை விட மனம் வராமல் போவது மனித இயல்பு. ஆனால் இந்த மறுப்பு செவிலியரை வெளியே நிறுத்துவதற்கான காரணம் ஆகாது. அவர்களுக்கு அறநெறிப் பயிற்சி வேண்டும் என்பதற்கான காரணம் அது. தன் விருப்பம் எது, நோயாளியின் விருப்பம் எது என்று பிரித்தறிவது கற்றுத் தேற வேண்டிய திறமை. அந்த நீதிமன்றம் செவிலியரின் அன்பைப் பார்த்தது, பாராட்டியது. அவர்களுடைய அன்றாடக் கவனிப்பில் திரண்ட அறிவை ஒரு சாட்சியமாக எடைபோட அதனிடம் அளவுகோல் இல்லை. அளவுகோலை உருவாக்குவது செவிலியக் கல்வியின் வேலை.

அதற்குப் பிறகு சட்டம் வெகுதூரம் வந்துவிட்டது. 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, கண்ணியத்துடன் இறப்பதும் வாழ்வுரிமையின் பகுதியே என்றும், மீள முடியாத நிலையில் எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் உயிர் உயில் செல்லும் என்றும் தீர்ப்பளித்தது. நடைமுறை கடினமாக இருந்ததால் 2023 ஜனவரி 24 அன்று உச்ச நீதிமன்றம் அதை எளிமையாக்கியது. இப்போது இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, நோட்டரியிடமோ அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரியிடமோ சான்று வாங்கினால் போதும். சிகிச்சையை நிறுத்துவது பற்றி முடிவெடுக்க முதல்நிலைக் குழு ஒன்று, இரண்டாம்நிலைக் குழு ஒன்று. ஒவ்வொன்றிலும் மூன்று பேர். அந்த ஆறு பேரும் மருத்துவர்கள். மருத்துவர்களின் நிபுணத்துவத்தை நான் குறைக்கவில்லை. வென்டிலேட்டர் இனிப் பயன்படுமா என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும். ஆனால் அந்த மனிதர் நினைவோடு இருந்த கடைசி வாரத்தில் என்ன சொன்னார், எதற்கு அஞ்சினார் என்பது பெரும்பாலும் செவிலியரின் காதில் விழுந்த செய்தி. அது கோப்பில் ஏறாமலே போகிறது.

கேரள-தமிழ்நாட்டு எல்லையிலுள்ள நம் பகுதியில் இந்த இழப்பு இன்னும் பெரியது. சிற்றூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் ஒரு பக்கம்; மூணாறு, மறையூர், பீர்மேடு, உடும்பன்சோலை மறுபக்கம். இங்கெல்லாம் வீட்டிலும் வேலைக்காட்டிலும் தமிழ் பேசுகிறவர்கள், நோய் முற்றியதும் வேறொரு மொழியில் எழுதப்படும் கோப்புக்குள் போகிறார்கள். வலி என்பது வெறும் பூஜ்யம் முதல் பத்து வரையிலான எண் இல்லை. ‘எரியுதும்மா’ என்று ஒரு தேயிலைத் தொழிலாளி சொன்னால் அது நரம்பு சார்ந்த வலியாக இருக்கக்கூடும்; மார்ஃபினை மட்டும் கூட்டுவதால் தீராது, அமிட்ரிப்டிலின் போன்ற மருந்து தேவைப்படலாம். ‘முறுக்கிப் பிழியுது’ என்றால் குடலைப் பார்க்க வேண்டும். ‘விண்ணு விண்ணுன்னு தெறிக்குது’ என்றால் சீழ் கோத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூன்றும் கோப்பில் ‘வலி உண்டு’ என்ற ஒரே குறிப்பாகிவிட்டால் சிகிச்சை தவறிவிடும். இது மலையாளச் செவிலியர் மீதான குறை அல்ல. எல்லைப்புறத்தில் இரண்டு மொழியிலும் பரிவு காட்டுகிற எத்தனையோ பேர் அவர்களில் உண்டு. அந்தந்தச் செவிலியரின் நல்ல மனதுக்கு விட்டுவிட்டதை நாம் பாடத்திட்டம் ஆக்கவில்லை என்பதே என் குறை. கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழில் எழுத இடம் தந்தது. மனுவுக்குக் கிடைத்த அந்த இடம் வலிக்கும் கிடைக்க வேண்டாமா?

கற்க நமக்குத் தொலைவு போக வேண்டியதில்லை. 1993இல் கோழிக்கோட்டில் மருத்துவர்கள் ராஜகோபாலும் சுரேஷ்குமாரும் தொடங்கிய வலிநிவாரண இயக்கம், மலப்புறம் வழியாக ஊர் ஊராகப் பரவியது. 2008இல் பேலியேட்டிவ் எனப்படும் நோய்த்தணிப்புப் பராமரிப்புக்கென்று கொள்கை வகுத்த முதல் மாநிலமானது கேரளம். உலகில் இந்தப் பராமரிப்பு தேவைப்படுவோரில் 14 விழுக்காட்டினருக்குத்தான் அது கிடைக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2022இல் மரணத்தின் மதிப்பு பற்றி அறிக்கை வெளியிட்ட லான்செட் ஆணையம், கேரளத்தை உலகுக்கு முன்மாதிரியாகக் காட்டியது. இதன் முதுகெலும்பு பஞ்சாயத்தின் பேலியேட்டிவ் நர்ஸ். ஆஷா பணியாளரோடு வீட்டுக்குள் நுழைந்து, சிறுநீர்க் குழாயை மாற்றி, நாற்றமெடுக்கும் புற்றுப்புண்ணில் மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவி, மார்ஃபின் சாப்பிடுகிறவருக்கு மலமிளக்கியும் போகிறதா என்று விசாரித்து, ஈரத்துணியால் உதட்டைத் துடைக்க மருமகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகிறார். நாற்றம் அடங்கியதும் பேரக்குழந்தை கட்டிலருகே வருகிறது. அறநெறி என்று புத்தகத்தில் படிப்பதன் கணிசமான பங்கு இந்த வேலைக்குள் இருக்கிறது.

இதே வீடுகளில்தான் ‘நோயாளிகிட்ட சொல்லிடாதீங்க சிஸ்டர்’ என்று குடும்பத்தார் கையைப் பிடித்துக் கேட்பார்கள். உண்மையைச் சொன்னால் மனம் உடைந்து சீக்கிரம் போய்விடுவார் என்பது அவர்கள் அச்சம். அதை மதிக்கத்தான் வேண்டும். உண்மையை முகத்தில் வீசுவது வன்முறை. எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று நோயாளியிடமே கேட்டு, அவர் போகும் வேகத்தில் போவதுதான் முறை. ஆனால் முழுவதும் மறைப்பதன் விலையையும் பாருங்கள். தேயிலை எஸ்டேட்டில் வேலை போனால் தொழிலாளர் குடியிருப்பான லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். பிள்ளைகளில் யார் வேலையில் நீடிப்பது, கிராஜுவிட்டிப் பணத்தை என்ன செய்வது என்று பேசி முடிக்க அவருக்கு நாள் வேண்டும். திருநெல்வேலிப் பக்கத்துச் சொந்த ஊரில்தான் கண்மூட வேண்டும் என்று விரும்புகிறவர், உடம்பு மலைப்பாதையைத் தாங்கும்போதே போடிமெட்டு இறங்கியாக வேண்டும். கோவைக்கும் மதுரைக்கும் அலைந்து, வட்டிக்கு வாங்கி, பயன்தராத சிகிச்சைக்குச் செலவிட்டபின் தெரியவரும் உண்மை யாருக்கும் உதவாது. மார்ஃபின் கொடுத்தால் உயிர் சீக்கிரம் போய்விடும் என்ற அச்சமும் இப்படித்தான்; அளவறிந்து படிப்படியாகக் கூட்டினால் அது ஆயுளைக் குறைப்பதில்லை என்பதே ஆய்வுகள் காட்டுவது. மருந்து தொடங்கியதும் அவர் நெடுநேரம் தூங்கினால், பல நாள் வலியில் தூங்காத உடம்பு தூங்குகிறது என்று குடும்பத்துக்கு எடுத்துச் சொல்ல வேண்டியவரும் நீங்கள்தான்.

இதையெல்லாம் தத்துவ அறிஞர்களும் மருத்துவர்களும் எழுதினால் போதாதா என்று கேட்கலாம். போதாது; செவிலியரே எழுதிய மரபு உண்டு. இசபெல் ஹாம்ப்டன் ராப் என்ற செவிலியர் செவிலிய அறநெறிக்கென்று 1900லேயே நூல் எழுதினார். லண்டனில் 1967இல் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் காப்பகத்தைத் திறந்த சிசிலி சாண்டர்ஸ் முதலில் செவிலியர், பிறகே மருத்துவர். உடல், மனம், குடும்பம், ஆன்மா நான்கும் சேர்ந்தே வலிக்கின்றன என்ற அவருடைய முழுவலிக் கருத்து படுக்கையருகே கேட்டவற்றிலிருந்து பிறந்தது. நம் தமிழ்நாட்டிலோ, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி 1946லேயே செவிலியத்தைப் பட்டப்படிப்பாக்கியது. சரி எது என்று தெரிந்தும் செய்ய முடியாமல் செவிலியர் படும் அறத்துயரத்துக்கு 1984இல் பெயர் வைத்தவர் ஆண்ட்ரூ ஜேமட்டன் என்ற தத்துவ அறிஞர். அவருக்கு நன்றி சொல்வோம்; ஆனால் நம் துயரத்துக்கு இன்னொருவர் பெயர் வைக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

கடைசி மறுப்பு வயிற்றைப் பற்றியது, அதுதான் வலுவானதும். கல்விக்கடன் தலைக்கு மேல் நிற்கிறது, அறநெறி ஆராய்ச்சி யாருக்குச் சோறு போடும்? வளைகுடாவுக்கும் இங்கிலாந்துக்கும் போகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஐம்பது படுக்கைக்குக் குறைந்த தனியார் மருத்துவமனையிலும் செவிலியருக்கு மாதம் குறைந்தது 20,000 ரூபாய் தரவேண்டும் என்று உச்ச நீதிமன்ற உத்தரவின்படி அமைந்த குழு 2016இல் பரிந்துரைத்தது; அதற்காக மறு ஆண்டே கேரளச் செவிலியர் தெருவில் இறங்க வேண்டியிருந்தது. தியாகம் செய்யுங்கள் என்று மேடையிலிருந்து சொல்வது அநியாயம். ஆனால் கூலியும் ஆள்பலமும் அறநெறிக்கு வெளியே இருக்கும் விஷயங்களே அல்ல. இரவுப் பணியில் ஒரே செவிலியர் ஒரு வார்டு முழுவதையும் பார்க்கும்போது யாரைப் புரட்டிப் படுக்க வைப்பது, யாரை விடுவது என்பது அறநெறிக் கேள்வி. அதைத் தரவுகளோடு எழுதி அரசின் மேசையில் வைக்கக்கூடியவர் அந்த வார்டில் நின்ற ஆராய்ச்சியாளர். வெளிநாடு போகிறவர்களும் அங்கேயே முனைவர் பட்டம் வரை படியுங்கள். திரும்பி வந்து வகுப்பெடுங்கள்.

எடுத்துச் செய்ய வேலை கைக்கெட்டும் தூரத்தில் காத்திருக்கிறது. 2023 உத்தரவின்படி உயிர் உயிலின் ஒரு நகல் உள்ளாட்சி அமைப்பின் பொறுப்பு அலுவலரிடம் போக வேண்டும். உங்கள் பஞ்சாயத்தில் அந்த அலுவலர் யார் என்று இந்த மாதமே விசாரியுங்கள். பிறகு தேவிகுளத்திலும் சிற்றூரிலும் வாழும் முதியோர் படித்துப் புரிந்துகொள்ளும் தமிழில் ஒரு படிவத்தை எழுதுங்கள்; படிக்கத் தெரியாதவருக்கு எப்படி வாசித்துக் காட்டுவது, அட்டப்பாடியின் இருளர் ஊர்களில் எந்த மொழியில் பேசுவது என்பதையும் சேர்த்து யோசியுங்கள். ஐம்பது குடும்பங்களிடம் கொண்டுபோய், எந்த வரியில் தயங்குகிறார்கள், எங்கே கோபப்படுகிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். முதுகலை ஆய்வேட்டுக்கு அதுவே போதும். வழிகாட்ட ஆசிரியர்கள் இந்த மேடையிலேயே அமர்ந்திருக்கிறார்கள்.