ஆழ்கடலில் ஓர் அமானிதம்



எல்லாப் புகழும் படைத்துப் பரிபாலிக்கும் வல்ல நாயனுக்கே உரியது. கடல் உணவை அவன் நமக்கு ஆகுமாக்கித் தந்துள்ளான். சுறாப்புட்டின் சுவையை நம் கடற்கரை ஊர்களில் அறியாதவர் குறைவு. ஆகவே சுறாவைப் பிடிப்பது கூடுமா என்பதல்ல இன்றைய பேச்சு. கூடுமான ஒன்றை எந்த அளவுக்கு எடுப்பது என்பதே. இதற்கு நம் அண்டை முஸ்லிம் நாடான மாலத்தீவே சான்று.

அத்தீவுகளைச் சுற்றி, சூரிய ஒளி எட்டாத ஆழத்தில், 'கல்பர்' எனப்படும் சுறாக்கள் வாழ்கின்றன. பச்சை நிறத்தில் ஒளிரும் பெரிய கண்களை இறைவன் அவற்றுக்கு அளித்துள்ளான். மற்ற மீன்களுக்குள்ள காற்றுப்பை சுறாக்களுக்கு இல்லை. ஈரலிலுள்ள 'ஸ்குவாலீன்' என்னும் இலேசான எண்ணெயே இவற்றை மூழ்காமல் தாங்குகிறது. சுப்ஹானல்லாஹ்! அதே எண்ணெயை மனிதன் முகப்பூச்சுகளிலும் சில தடுப்பூசிகளிலும் சேர்க்கிறான்.

1980 வாக்கில் மாலத்தீவு மீனவர்கள் இந்த ஈரல் எண்ணெய்க்காகத் தூண்டில் இறக்கினார்கள். சில ஆண்டுகளிலேயே உச்சத்தை எட்டிய தொழில், அதே வேகத்தில் சரிந்தது. காரணம் எளிது. மத்தி மீன் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். கல்பர் சுறாவோ பருவமடையவே பல ஆண்டுகள் ஆகும். ஏறத்தாழ இரண்டாண்டு சுமந்து மிகச் சில குட்டிகளையே ஈனும். தந்தை பிடித்துத் தீர்த்ததை மகன் தன் காலத்தில் திரும்பக் காண்பது அரிது. 2010 இல் அந்நாடு எல்லாச் சுறாக்களையும் பிடிப்பதற்குத் தடை விதித்தது.

2022 இல் அந்நாட்டு அரசுடன் இணைந்து 'நெக்டன்' என்னும் ஆய்வுக் குழுவினர் சிறு நீர்மூழ்கியில் அந்த ஆழத்திற்கு இறங்கினார்கள். இரவில் மேலே வந்து இரை தேடும் சிற்றுயிர்கள் விடியலில் கீழே திரும்புகையில், சுமார் 500 மீட்டர் ஆழத்தில் தீவின் பாறைச் சரிவு அவற்றைத் தடுத்துவிடுகிறது. சிக்கிய அவற்றை உண்ணச் சூரை மீன்களும் பலவகைச் சுறாக்களும் அங்கே திரள்கின்றன. நம் காலடியில் இப்படியொரு விருந்துக்கூடம் இருப்பதை நேரில் பார்க்க 2022 வரை ஆகியிருக்கிறது!

ஆழ்கடல் சுறாக்களையும் திருக்கைகளையும் சேர்த்து 521 இனங்களை ஆராய்ந்து 2024 இல் வெளியான அறிக்கை, ஏழில் ஒன்று அழிவின் விளிம்பை நெருங்குவதாகக் கூறியது. அவ்வாறு ஆபத்திலுள்ளவற்றுள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஈரல் எண்ணெய்க்குப் பயன்பட்டவை.

இந்நிலையில் 2025 இல், கல்பர் சுறாப் பிடிப்பை மீண்டும் அனுமதிக்கப்போவதாக மாலத்தீவு அரசு அறிவித்தது. மீனவரின் வயிற்றுப்பாட்டை நாம் இலேசாகப் பேசக் கூடாது. ஆனால் எத்தனை மீதமிருக்கின்றன என்று எண்ணிப் பாராமல் பொக்கிஷத்தைத் திறப்பது, அனாதையின் சொத்தைக் கணக்கின்றிச் செலவிடும் காப்பாளனின் செயலையே ஒக்கும். இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் அடங்கியுள்ள ஊருக்கு அருகேயுள்ள சமர்கந்து நகரில், அதே ஆண்டின் இறுதியில் கூடிய உலக நாடுகள், கல்பர் சுறாக்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தன. இனத்திற்குக் கேடில்லை என்று அறிவியலாளர் உறுதி சொன்னால்தான் ஏற்றுமதி அனுமதி கிடைக்கும் என்பதே அந்த விதி.

தாய்மார்களே! இதே எண்ணெய் ஸைத்தூனிலிருந்தும் கரும்பிலிருந்தும் எடுக்கப்படுகிறது. முகப்பூச்சின் உறையில் 'ஸ்குவாலீன்' என்றோ 'ஸ்குவாலேன்' என்றோ இருந்தால், அது தாவரத்திலிருந்து வந்ததா, சுறாவிலிருந்து வந்ததா என்று கேட்டு வாங்குங்கள்.