சட்டைப்பை ரேடியோ: வாங்குமுன் யோசிக்க வேண்டியவை



காலையில் டாண்டினோங்கிலிருந்து ரெயினில் வேலைக்குப் போகிறவன் நான். மாலையில் வைத்தியர் சொன்னபடி முக்கால் மணி நேரம் நடக்கிறேன். இரண்டுக்கும் துணை, சட்டைப்பையில் கிடக்கும் சிறிய ரேடியோ ஒன்று. "அண்ணை, எல்லாம்தான் போனிலே கேட்கலாமே, இது என்னத்துக்கு?" என்று கூட நடக்கும் தம்பி ஒருவர் சென்ற மாதம் கேட்டார். அவருக்குச் சொன்னதையே இன்று உங்களுக்கும் சொல்கிறேன்.

1990இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றது. பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருட்களில் ஒன்று. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வரும் மின்சாரத்தில் பி.பி.சி. தமிழோசை கேட்டோம். ஒருவர் சுற்ற, அயலெல்லாம் சூழ்ந்திருந்து கேட்கும். சுற்றுகிறவர் களைத்தால் செய்தியும் களைத்துவிடும்!

இந்த நாட்டில் அப்படி ஒரு நிலை வராது என்றுதான் நினைத்திருந்தேன். 2019-20 கோடையில் காட்டுத்தீ பரவியபோது, நியூ சவுத் வேல்ஸிலும் விக்டோரியாவிலும் பல ஊர்களில் மின்சாரம் போனது. அதோடு கைத்தொலைபேசிக் கோபுரங்களும் செயலிழந்தன. எந்தப் பாதை திறந்திருக்கிறது, எந்தப் பக்கம் போகக்கூடாது என்பதை அங்குள்ள பலர் பற்றரி ரேடியோவில் ஏ.பி.சி. வானொலி மூலமே அறிந்துகொண்டார்கள். ஆகவே நடைக்கும் பயணத்துக்கும் என்று வாங்கும் ரேடியோ, ஆபத்துக்கும் உதவுவதாக இருக்கட்டும் என்பதே என் கருத்து.

முதலில் பற்றரியைப் பாருங்கள். எந்தக் கடையிலும் கிடைக்கும் சாதாரண பற்றரி போடக்கூடியதே நல்லது. உள்ளேயே பூட்டிய பற்றரி என்றால், மின்சாரம் இல்லாத நாளில் அதை எப்படிச் சார்ஜ் பண்ணுவது? 'ஏ.ஏ.ஏ.' என்னும் ஒல்லிப் பற்றரியின் சேமிப்பு 'ஏ.ஏ.' பற்றரியின் பாதிக்கும் குறைவு. சற்றுப் பாரமானாலும் 'ஏ.ஏ.' போடுவதை எடுங்கள்.

இரண்டாவது, எப்.எம். மட்டும் உள்ளதை வாங்காதீர்கள், ஏ.எம்.மும் வேண்டும். அவசர அறிவித்தல்கள் சொல்லும் ஏ.பி.சி. மெல்பேணில் 774இலும் சிட்னியில் 702இலும் ஏ.எம்.மில் ஒலிக்கிறது. ஆனால் ரெயினுக்குள் ஏ.எம். இரையும். மின்கம்பியும் மோட்டரும்தான் காரணம். ரேடியோவைக் குற்றம் சொல்லாதீர்கள். வீட்டில் இரைந்தால் பெட்டியை மெல்லத் திருப்பிப் பாருங்கள். ஏ.எம். அன்டெனா உள்ளேயே இருப்பதால் திசை மாற ஒலி தெளியும்.

எப்.எம்.முக்கு அன்டெனா உங்கள் காதில் தொங்கும் வயர்தான். அதைச் சுருட்டிப் பைக்குள் வைத்தால் நிலையம் நழுவும். வயரில்லாத புளூடூத் இயர்போன் இந்த இடத்தில் உதவாது.

மூன்றாவது, டிஜிட்டல் வானொலி. 2009இல் இங்கு தொடங்கிய 'டி.ஏ.பி. பிளஸ்' முறையில் நிலையங்கள் அதிகம், ஒலியும் துல்லியம். ஆனால் பற்றரியை விரைவாகக் குடிக்கும். அலை குறைந்தால் எப்.எம். இரைந்தபடியாவது பேசும், டிஜிட்டல் அடியோடு நின்றுவிடும். பெரிய நகரங்களைத் தாண்டினால் பெரும்பாலும் கிடைக்காது. இருந்தால் நல்லது, அதை மட்டுமே நம்பியிருக்கக்கூடாது.

நமக்கென்றே ஒரு சிக்கலும் உண்டு. வெளிநாட்டு உறவுகள் அன்பளிப்பாகக் கொண்டுவரும் ரேடியோக்கள்! கனடாவிலிருந்து மச்சான் எனக்கு ஒன்று கொண்டுவந்தார். அங்கே ஏ.எம். நிலையங்கள் பத்துப் பத்தாக ஏறும். இங்கே ஒன்பது ஒன்பதாக. 770க்கு அடுத்தது 780. எங்கள் 774 அதில் இல்லவே இல்லை. ஒரு வாரம் மனவருத்தம். பிறகு பார்த்தால், பற்றரி மூடிக்குள் 9, 10 என்று மாற்றும் சிறு சுவிட்ச் இருந்தது. எல்லா ரேடியோவிலும் அது இருக்காது. லண்டனில் விற்ற பழைய 'டி.ஏ.பி.' பெட்டிகள் பல இங்குள்ள 'பிளஸ்' முறையை வாங்கா. கேட்டு வாங்குங்கள்.

நடப்பவர்களுக்கு: இடுப்பில் கொழுவும் கிளிப்பும், பொத்தான்களைப் பூட்டும் 'லொக்' வசதியும் முக்கியம். இல்லாவிட்டால் வேகமாக நடக்கும்போது நிலையம் தானாக மாறும். கண்ணாடி போடாமல் எண்களை வாசிக்க முடிகிறதா என்று கடையிலேயே பாருங்கள். வீதியோரம் நடக்கும்போது ஒரு காதில் மட்டும் மாட்டுங்கள். மற்றக் காது வாகனத்துக்கும், பின்னால் மணியடித்து வரும் சைக்கிளுக்கும்.

கடைசியாக ஒன்று. வாங்கியதும் 774ஐயோ 702ஐயோ நினைவில் பதித்து வையுங்கள். வீட்டில் அம்மா அப்பா இருந்தால் அவர்களுக்கும் அதைத் திருப்பக் காட்டிக் கொடுங்கள். இரண்டு சோடி பற்றரியை லாச்சியில் போட்டு வையுங்கள். சைக்கிள் பெடல் சுற்றிய நமக்கு அதன் பெறுமதியை வேறு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.