தூரத்திலிருந்து திறக்கும் கம்ப்யூட்டர்

(பெங்களூரில் நடந்த உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வீட்டிலுள்ள கம்ப்யூட்டரை வெளியூரிலிருந்து இயக்குவது பற்றிப் பேசும்படி செயலாளர் பணித்திருக்கிறார். இளைஞர்கள் பேச வேண்டிய விஷயத்தை எழுபதைத் தாண்டியவன் பேசுவானேன் என்று தோன்றலாம். மல்லேஸ்வரத்திலும் ஜயநகரிலும் பல வீடுகளில் இன்று கணவனும் மனைவியும் மட்டும்தான் வாசம். பிள்ளைகள் நியூஜெர்ஸியிலோ சிட்னியிலோ. ஆகவே இந்த வசதி அதிகம் தேவைப்படுவதும் நமக்குத்தான். இதை வைத்து மோசக்காரர்கள் வலை விரிப்பதும் நம்மைப் போன்றவர்களுக்குத்தான்.

முதலில் இது எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். வீட்டுக்கு போன் செய்து, "பீரோவைத் திற, மூன்றாவது தட்டில் இருக்கும் ஃபைலைப் படி" என்று சொல்கிறோம் அல்லவா? அதே மாதிரிதான். வேலை முழுவதும் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே நடக்கிறது. நம் கையிலிருந்து அங்கே போவது கீபோர்டு, மவுஸ் அசைவுகள். அங்கிருந்து நமக்கு வருவது திரையின் படம். ஃபைல்கள், நாமாக எடுத்து அனுப்பினாலொழிய, இடம் மாறுவதில்லை.

இது நேற்று வந்த வித்தையும் அல்ல. மைக்ரோசாஃப்ட் 1998-லேயே டெர்மினல் சர்வர் என்ற பெயரில் இதை வெளியிட்டது. டீம்வியூவர் 2005-லும், எனிடெஸ்க் 2014-லும் ஜெர்மனியில் தொடங்கிய நிறுவனங்கள். நம் சென்னையைச் சேர்ந்த ஜோஹோவும் 'அஸிஸ்ட்' என்ற பெயரில் இத்தகைய சேவையைத் தருகிறது. அலுவலகங்களில் இன்னும் ஒரு படி மேலே போய், ஊழியரின் டெஸ்க்டாப்பையே மத்திய சர்வரில் வைத்து, எங்கிருந்தும் திறக்கச் செய்கிறார்கள். அதற்கு டெஸ்க்டாப் வர்ச்சுவலைசேஷன் என்று பெயர்.

வீட்டில் இதை அமைக்க விரும்புவோர் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். விண்டோஸுடன் வரும் ரிமோட் டெஸ்க்டாப்பைக் கொண்டு வெளியிலிருந்து நுழைய, வீட்டிலிருப்பது 'ஹோம்' பதிப்பாக இருந்தால் முடியாது. 'ப்ரோ' பதிப்பு வேண்டும். அடுத்து, கம்ப்யூட்டரும் இன்டர்நெட்டும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். கரண்ட் போனாலோ கம்ப்யூட்டர் உறக்க நிலைக்குப் போனாலோ தொடர்பு அறுந்துவிடும். பிள்ளைகள் ஊருக்கு வரும்போதே அமைத்துச் சோதித்துக் கொள்வது நல்லது. பிறகு பிரிண்டர் தகராறு, இன்கம்டாக்ஸ் படிவம் எல்லாவற்றையும் அவர்கள் அங்கிருந்தே சரிசெய்யலாம்.

இனி முக்கியமான விஷயம். அரசாங்க டிரெஷரியில் ஸ்ட்ராங் ரூமுக்கு இரட்டைப் பூட்டு உண்டு. இரண்டு சாவிகளும் ஒருவரிடமே இருக்கக் கூடாது என்பது விதி. பாங்க் கணக்குக்கும் அப்படித்தான்: பாஸ்வேர்டு ஒரு சாவி, செல்போனுக்கு வரும் ஓடிபி மற்றொன்று. "லைஃப் சர்டிபிகேட் புதுப்பிக்காவிட்டால் பென்ஷன் நின்றுவிடும்", "இன்றிரவு கரண்ட் கட்" என்று ஒருவன் பயமுறுத்தி, இத்தகைய செயலியைச் செல்போனில் இறக்கச் சொல்கிறான். திரையில் தெரியும் எண்ணைப் படிக்கச் சொல்கிறான். படித்து, அனுமதியும் கொடுத்துவிட்டால் நம் திரை அவனுக்குத் தெரிகிறது. அதில் வரும் ஓடிபியும் தெரிகிறது. "ஓடிபியை யாரிடமும் சொல்லவில்லையே" என்று நாம் நிம்மதியாக இருப்போம். ஆனால் இரண்டு சாவிகளும் அவன் கையில்! ரிசர்வ் பாங்க் 2019 பிப்ரவரியிலேயே எனிடெஸ்க் பெயரைக் குறிப்பிட்டு பாங்குகளை எச்சரித்தது. மென்பொருளின் மேல் குற்றமில்லை. நாம் யாரை அனுமதித்தோமோ அவர்களுக்கு அது கதவைத் திறக்கிறது.

2017 ஜூலை 6-ல் வந்த ரிசர்வ் பாங்க் சுற்றறிக்கையையும் அறிந்துகொள்ள வேண்டும். வாடிக்கையாளர் தம் கவனக்குறைவால் ரகசிய விவரங்களைக் கொடுத்து நேரும் நஷ்டம், பாங்குக்குத் தெரிவிக்கும் வரை அவருடையது. தெரிவித்த பிறகு நேர்வது பாங்கினுடையது என்கிறது அது. ஆகவே ஒவ்வொரு நிமிஷமும் பணம்தான்.

கடைப்பிடிக்க வேண்டியவை இவை: நாமாக அழைத்தவருக்கு மட்டுமே அனுமதி, நம்மைத் தேடி அழைப்பவருக்குக் கிடையாது. குடும்பத்தாருக்கும் வேலை முடிந்ததும் இணைப்பை மூடிவிட வேண்டும். செல்போனில் இத்தகைய செயலி இருக்கவே வேண்டாம். பிறர் உதவிக்கு நுழைந்திருக்கும்போது பாங்க் பக்கத்தைத் திறக்கக் கூடாது.

அப்படியும் நேர்ந்துவிட்டால், முதலில் இன்டர்நெட்டைத் துண்டியுங்கள். வேறு போனிலிருந்து பாங்குக்கும், 1930 என்ற தேசிய உதவி எண்ணுக்கும் உடனே சொல்லுங்கள். பிள்ளைகளிடமும் சொல்லுங்கள். "இந்த வயதில் ஏமாந்தேன் என்று எப்படிச் சொல்வது" என்ற கூச்சத்தில் ஓர் இரவு கடந்தால், பணம் பல கணக்குகளுக்குக் கை மாறிவிடும். படித்தவர்களும் பெரிய பதவியில் இருந்தவர்களும் ஏமாந்திருக்கிறார்கள். அதில் அவமானம் இல்லை.

வயதைக் காரணம் காட்டி இந்த வசதியை ஒதுக்க வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம். தூரத்திலுள்ள பிள்ளையின் கை நம் மேஜை வரை நீளுவது பெரிய சௌகரியம். சாவி மட்டும் நம்மிடமே இருக்கட்டும்.